படுக்கையில் இருப்பவரிடம் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்னையிலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்த ஒருவரைப் பார்க்க உறவினர்கள் வருகிறார்கள். அவர் விழித்துத்தான் படுத்திருக்கிறார், ஆனாலும் "சாப்பிட்டாரா? தூங்குகிறாரா?" என்று அவருடைய மனைவியிடம்தான் கேட்கிறார்கள். மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராகப் பணியாற்றும் நான் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

"இப்படி ஆனவர் சோர்ந்துதான் கிடப்பார்" என்று நாம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறோம். தண்டுவடப் பாதிப்புடன் வாழ்வோரில் 20 முதல் 30 விழுக்காட்டினரிடம், மருத்துவர் கவனிக்க வேண்டிய அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இது பெரிய அளவுதான். ஆனால் எஞ்சிய பெரும்பாலோரிடம் அந்த அளவுக்கு அறிகுறிகள் இல்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. எனவே மனச்சோர்வைக் காயத்தோடு ஒட்டிவந்த விதியாகக் கொள்ளாமல், மருந்தாலும் உளவியல் ஆலோசனையாலும் தணிக்கக்கூடிய தனி நோயாகவே கொள்ள வேண்டும்.

அதைக் கண்டறிவது எளிதன்று. தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். ஆனால் படுக்கைப்புண் வராதிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கப்படுபவருக்கும், நரம்பு வலியால் கால்கள் எரிவதாக உணர்பவருக்கும் தூக்கம் எங்கிருந்து வரும்? அதனால் நான் வேறு சிலவற்றைக் கவனிக்கிறேன்: பேரன் வந்தாலும் முகம் மலராதிருத்தல், "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுதல், புண்ணுக்கு மருந்திட விடாமல் மறுத்தல். திருமணத்துக்குப் போகும் நாளில், சிறுநீர் கசிந்துவிடுமோ என்று அஞ்சிக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காதவர்கள் உண்டு. அந்த நாணம் நோயன்று. ஆனால் அதுவே வளர்ந்து, அவர் எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிடும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

1954இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாவதற்கும் முன்னின்றார். ஆயினும் அவர் கதையை விபத்து நேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தேற்ற முயல்வோரை நான் மெல்லத் தடுத்துவிடுவேன். அழ வேண்டிய நாளில் சாதனைக் கதை கேட்பவருக்குத் தம் அழுகையே குற்றமாகத் தோன்றிவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் விதத்தை, அதே நிலையில் பத்தாண்டுகள் வாழ்ந்த இன்னொருவர் வந்து செய்துகாட்டுவது அதைவிடப் பயன் தருகிறது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், அதை வெறும் புலம்பலென்று தள்ளிவிட வேண்டாம். அவரைத் தனியே விடவும் வேண்டாம். உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இரவெல்லாம் கண் விழித்துப் புரட்டிவிடும் அந்த மனைவியும் தமக்காக அதே எண்ணை அழைக்கலாம்.