ஜப்பானிய இழைப்புளியில் பலகையைச் சமமாக்குவது: வேலை கட்டையின் அடியில் தொடங்குகிறது

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் மழைச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபேயில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இன்றைய வேலைக்கும் இந்த மழைக்கும் சம்பந்தம் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

பலகையை முதலில் பாருங்கள். ஹினோகி மரம், ஜப்பானிய சைப்ரஸ். 3 அடி நீளம், 1 அடி அகலம், 30 மில்லிமீட்டர் கனம். தரையில் உட்கார்ந்து எழுதுகிற மேசைக்கு மேல்பலகையாக வரப்போகிறது. ரம்பத்தில் அறுத்த முகம் அப்படியே இருக்கிறது, விரலை வைத்தால் சொரசொரப்பு தெரியும். இதன் ஒரு முகத்தை மெஷின் இல்லாமல் கையாலேயே சமமாக்குவதுதான் இன்றைய வேலை. ஒரே ஒரு முகம்தான். அது சரியாக வந்துவிட்டால் கனம், விளிம்பு, மறுமுகம் எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

கருவிகள் இவை. இழைப்புளியை ஜப்பானில் கன்னா என்பார்கள். நம் ஊர் ஆசாரி இழைப்புளியைத் தள்ளி இழைப்பார். இதைத் தன் பக்கம் இழுத்து இழைக்க வேண்டும். கட்டை ஓக் மரம். பிளேடு ஆப்பு மாதிரி, மேலே தடித்து கீழே மெலிந்து இருக்கும். கட்டையின் இரண்டு பக்கமும் வெட்டிய பள்ளத்தில் அது இறுகி உட்காரும். திருகு எதுவும் கிடையாது. பிளேடின் தலையில் சுத்தியலால் தட்டினால் கீழே இறங்கும், கட்டையின் பின்முனையில் தட்டினால் மேலே ஏறும். இன்றைக்கு மூன்று கன்னா. ஒன்று முரட்டு வேலைக்கு. இதன் வாய், அதாவது அடியில் பிளேடு எட்டிப்பார்க்கும் பிளவு, அகலம். பிளேடின் முனையையும் லேசாக வளைவாகத் தீட்டியிருக்கிறேன். இரண்டாவது நீளக் கட்டை, ஒன்றரை அடி வரும். மூன்றாவது கடைசி மெருகுக்கு, 70 மில்லிமீட்டர் பிளேடு.

இப்போது நீளக் கட்டையைத் திருப்பிக் காட்டுகிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த அடிப்பாகம்தான் எல்லாம். நீங்கள் பலகையைச் சமமாக்குவதில்லை. இந்த அடிப்பாகம் எவ்வளவு நேராக இருக்கிறதோ அந்த நேர்தான் பலகையில் இறங்கும். இது பள்ளமாக இருந்தால் எத்தனை முறை இழுத்தாலும் பலகையில் மேடு நிற்கும். பிளேடை எப்படித் தீட்டுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதுவும் முக்கியம்தான். ஆனால் பிளேடு நன்றாக வெட்டியும் பலகை சரியாக வரவில்லை என்றால், பத்தில் ஒன்பது தடவை கோளாறு இங்கேதான்.

மழைக்கு வருகிறேன். இது மரக்கட்டை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், ஏசி அறையில் கிடந்தால் வற்றும். போன மாதம் சரியாக இருந்த அடி இன்று அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வேலையைத் தொடங்கும் முன் இரும்பு நேர்ச்சட்டத்தை நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை, மூலைக்கு மூலை இரண்டு முறை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிளேடு உள்ளே இறுகி இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும், முனையை மட்டும் உள்ளே இழுத்துவிட்டு. ஏனென்றால் பிளேடு ஆப்பாக உட்காரும்போது கட்டையை நெருக்குகிறது, அந்த நெருக்கலில் அடி கொஞ்சம் புடைக்கும். பிளேடை எடுத்துவிட்டுச் சரிசெய்தால் திரும்பப் போட்டதும் கோணிக்கொள்ளும்.

இங்கே பாருங்கள், சட்டத்துக்குக் கீழே வாயின் இரண்டு பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு. அப்படியென்றால் இரண்டு முனைகளும் உயர்ந்திருக்கின்றன. இதைச் சீவ ஒரு தனிக் கன்னா இருக்கிறது. அதில் பிளேடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், கட்டையின் குறுக்கே இழுத்தால் தூள் மாதிரி சுரண்டி எடுக்கும். முனைகளில் கொஞ்சம், திரும்பச் சட்டம், இன்னும் கொஞ்சம். அவசரப்படக் கூடாத இடம் இது.

ஒன்று கவனியுங்கள். அடி முழுக்கக் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டியதில்லை. மெருகு போடும் கன்னாவில் இரண்டு இடம் மட்டும் மரத்தைத் தொட்டால் போதும்: உங்கள் பக்கம் இருக்கும் முனை, அப்புறம் பிளேடின் வாய்க்குச் சற்று முன்னால். மற்ற இடங்களை ஒரு தாளின் கனத்துக்குத் தாழ்த்திவிடுவார்கள். சமமாக்கும் நீளக் கட்டைக்கு மூன்றாவதாகப் பின்முனையும் தொட வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால்தான் பலகையின் பள்ளத்தில் பிளேடு இறங்காமல் மேட்டை மட்டும் வெட்டும். மெருகுக் கன்னாவை வைத்துச் சமமாக்கப் பார்த்தால் அது பலகையின் மேடுபள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் சட்டம் வைத்தால் அலை தெரியும்.

அடி முடிந்தது. இனி பலகை. முதலில் அதன் முனையைப் பாருங்கள், ஆண்டு வளையங்கள் வளைந்து போகின்றன. மரம் காயும்போது இந்த வளையங்கள் நிமிரப் பார்க்கும், அதனால் பட்டை இருந்த பக்கம் குழியும், வைரம், அதாவது மரத்தின் நடு, இருந்த பக்கம் முதுகு எழும்பும். இந்தப் பலகையிலும் அப்படித்தான்: பட்டைப் பக்கம் நடுவில் 2 மில்லிமீட்டர் குழிவு. அந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தொடங்குகிறேன், ஏனென்றால் வெட்ட வேண்டியது இரண்டு ஓரங்களை மட்டும்தான். அடியில் முதுகு இருப்பதால் பலகை ஆடும். மெல்லிய ஆப்புகளை ஓரங்களில் செருகி ஆட்டத்தை நிறுத்துகிறேன். ஆப்பு இறுகக் கூடாது. இறுக்கி அடித்தால் பலகை வளையும், இழைத்து முடித்து எடுத்ததும் பழைய வளைவுக்குத் திரும்பிவிடும்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நேரான சட்டங்கள். ஒன்றை அந்த முனையிலும் ஒன்றை இந்த முனையிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல் ஒன்றாகப் பாருங்கள். சட்டங்கள் 60 சென்டிமீட்டர், பலகையின் அகலத்தைப் போல் இரண்டு பங்கு. அதனால் முறுக்கும் இரண்டு பங்காகத் தெரியும். அதோ, தூரத்துச் சட்டத்தின் இடப்பக்கம் தூக்கி நிற்கிறது. அப்படியானால் அந்த மூலையும் அதற்கு எதிர்மூலையும் உயரம். பென்சிலால் கிறுக்கி வைக்கிறேன். வெட்டிக்கொண்டே போகும்போது பென்சில் அழிகிற இடம் மேடு, அழியாமல் நிற்கிற இடம் பள்ளம். நாம் தனியாக எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம்.

முரட்டுக் கன்னாவைக் குறுக்கே இழுக்கிறேன். நெடுக்கில் இல்லை, மரத்தின் நாருக்குக் குறுக்கே. குறுக்கே இழுத்தால் கனமான சீவலையும் அதிகப் பலமில்லாமல் எடுக்கலாம், நார் நீளமாகப் பிய்ந்து வராது. ஒரே சிக்கல், பிளேடு வெளியேறும் விளிம்பில் மரம் உடைந்து தெறிக்கும். இழுத்து இழைப்பதால் அந்த விளிம்பு என் பக்கத்து விளிம்பு. அதை முதலிலேயே சாய்வாகச் சீவிவிட்டேன். சத்தத்தைக் கேளுங்கள்: மேட்டில் "சர்க்" என்று வெட்டுகிறது, நடுவில் வெறும் காற்று. அந்த இரண்டு மூலைகளுக்கும் மட்டும் கூடுதலாகச் சில இழுப்பு. பிறகு திரும்பச் சட்டம். முறுக்கு போய்விட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பேன். குழிவு எல்லோர் கண்ணிலும் படும், முறுக்கு படாது. மேசைக்குக் கால் பொருத்தும்போதுதான் அது தெரியவரும்.

இப்போது நெடுக்கில். எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது? முகத்தில் கூம்பு கூம்பாக வரி தெரிகிறது அல்லவா, அந்தக் கூம்பின் நுனி மரத்தின் உச்சியைக் காட்டும். பட்டைப் பக்கத்து முகத்தில் உச்சியிலிருந்து அடிமரத்தை நோக்கி இழுக்க வேண்டும், வைரப் பக்கத்தில் அதற்கு நேரெதிர். மரத்தின் வளையங்கள் மேலே போகப்போக ஒடுங்குவதால், பட்டைப் பக்கத்து முகத்தில் நார் உச்சியை நோக்கிப் பலகைக்குள் இறங்குகிறது. நான் சொன்ன திசைக்கு எதிராக இழுத்தால் பிளேடு நாரை வெட்டாமல் பெயர்த்து எடுக்கும்.

நீளக் கன்னா. ஒரு கை கட்டையின் மேல், இன்னொரு கை பிளேடுக்குப் பின்னால். தொடங்கும்போது பாரம் முன்பக்கம், என் பக்கத்து முனையில். முடியும்போது அந்த முனை பலகையைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். அப்போது பாரம் பின்கைக்கு மாறிவிட வேண்டும். மாறவில்லை என்றால் பலகையின் கடைசி இரண்டு அங்குலம் சரிந்துவிடும். கையால் மட்டும் இழுக்காதீர்கள், இடுப்போடு பின்னால் நடங்கள். பலகையின் தடுப்பு என் பக்கம் இருக்கிறது, அதனால் எவ்வளவு இழுத்தாலும் பலகை நகராது.

இந்த இடத்தில் ஒரு வழிமுறை சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. முழு நீளத்துக்கும் இழுக்காதீர்கள். ஒரு முனையில் ஒரு சாண் விட்டுத் தொடங்கி, மறுமுனைக்கு ஒரு சாண் முன்னால் தூக்கிவிடுங்கள். இப்படியே இழுத்தால் நடு மெல்ல மெல்லத் தாழும். ஒரு கட்டத்தில் கன்னா வெட்டுவதை நிறுத்திவிடும், ஏனென்றால் அதன் இரண்டு முனைகளும் விட்டுவைத்த மேட்டில் ஏறி நிற்கும். அப்போது முனையிலிருந்து முனைக்கு இழுங்கள். முதலில் இரண்டு கடைசியிலும் துண்டு துண்டாகச் சீவல் வரும், பிறகு நீளும், பிறகு பலகையின் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஒரே சீவல். இதோ வந்துவிட்டது! இதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த ஒரு சீவல் சட்டத்தை விட நம்பகமான சாட்சி. பலகையின் அகலத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையிலும் இப்படியே வந்தால் முகம் சமம்.

நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதைச் சுற்றி நார் நாலாபக்கமும் திரும்பியிருக்கிறது. எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரு பக்கம் எதிர்நார்தான். இதற்குத்தான் பிளேடின் மேல் இந்த இரண்டாவது தகடு. யாமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கத்தோ என்ற இரண்டு பேராசிரியர்கள் வெட்டும் முனையை மிக அருகில் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மேல்தகட்டை முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் சீவல் எழும்பும் முன்பே மடங்கிவிடுகிறது, அதனால் நார் முன்கூட்டியே பிளக்காது. 0.3 மில்லிமீட்டருக்குத் தள்ளினால் மெல்லிய சீவலில் அந்தப் பலன் ஏறக்குறைய காணாமல் போகிறது. நான் தகட்டை முனைவரை கொண்டுவந்து, வெளிச்சத்தில் ஒரு முடி அளவுக் கோடு மட்டும் மின்னும்படி நிறுத்துகிறேன். முடிச்சைப் பாருங்கள், ஒரு செதில்கூட எழவில்லை.

கன்னா ஜப்பானில் எப்போதும் இருந்த கருவி இல்லை. பழைய கோயில் தச்சர்கள் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, வாச்சியால் செதுக்கி, ஈட்டி மாதிரி ஒரு நீளக் கருவியால் முகத்தைச் சீவினார்கள். பிளந்த மரம் நாரோடு போகும் என்பதால் அது போதுமானதாக இருந்தது. பெரிய நீளரம்பம் வந்து, முறுக்கு மரத்தையும் பலகையாக அறுக்க முடிந்தபோது நார் குறுக்கே வெட்டுப்பட்டது. அதைச் சீவ இந்தக் கட்டை இழைப்புளி தேவைப்பட்டது. இது 15, 16ஆம் நூற்றாண்டுக் கதை. ஈட்டிக் கருவி வழக்கொழிந்தே போனது. ஹோர்யூஜி கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோகா ட்சுனெகாஸு கோயில் திருப்பணிக்காக அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஷின்-கோபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தாகேனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பான் வந்தால் அரைநாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் மெல்லிய சீவல். இங்கே கெஸுரோகாய் என்ற கூட்டத்தில் தச்சர்கள் போட்டி போட்டு 10 மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே சீவுகிறார்கள், சீவல் வழியாகச் செய்தித்தாளைப் படிக்கலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு முதலில் விலை உயர்ந்த மெருகுக் கன்னா வாங்குபவர்கள் அதிகம். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் பலகை சமமாவது கனத்த சீவலில், கட்டையின் அடியில். உங்களுக்கு ஒரு மேசை வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் சாதாரணக் கன்னா இரண்டு வாங்கி, ஒன்றின் அடியைச் சமமாக்கும் வேலைக்குத் தயார்செய்யுங்கள்.

மெருகுக் கன்னாவால் கடைசியாக ஒரு சுற்று. இதற்கு மேல் உப்புத்தாள் போட மாட்டேன். தேய்த்த மரத்தில் நார் கிழிந்து கிடக்கும், வெட்டிய மரத்தில் மூடிக்கிடக்கும். இந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன்... உருண்டு நிற்கிறது, ஊறவில்லை.

இப்போதைக்கு இதைப் படுக்க வைக்க மாட்டேன். ஒரு பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்று படாவிட்டால் திரும்ப வளையும். விளிம்பில் நிறுத்தி, சுவரிலிருந்து தள்ளி வைக்கிறேன். கன்னாக்களின் பிளேடையும் ஒரு தட்டு தட்டித் தளர்த்திவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும். அடுத்த வீடியோவில் இந்த முகத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் சுற்றிலும் கோடு கீறி, மறுமுகத்தை அந்தக் கோடு வரைக்கும் இறக்குவோம்.