செல் தன்னையே உண்ணும்போது நல்லதை எப்படி விட்டுவைக்கிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஐயா, செல் தன் பொருள்களைத் தானே உண்கிறது என்று சென்ற காணொளியில் சொன்னீர்கள். அப்படியானால் நல்ல உறுப்புகளையும் சேர்த்து உண்டுவிடாதா?"

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா இது. நம் கரையில் கரைவலை, வளைத்த நீரில் இருப்பதையெல்லாம் இழுத்து வரும். தூண்டில், இரையைக் கவ்விய மீனை மட்டுமே கொண்டு வரும். செல்லிலும் இரண்டு முறைகளும் உண்டு. ஊட்டம் குறையும்போது நடப்பது பெரும்பாலும் கரைவலைதான்: இரட்டைச் சவ்வு ஒன்று கிண்ணம்போல வளர்ந்து, செல்லின் ஒரு பகுதியை வளைத்து மூடி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமிடம் சேர்க்கிறது. யோஷினோரி ஓசுமி பட்டினி கிடந்த ஈஸ்ட் செல்களில் இதை ஆராய்ந்து 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அமினோ அமிலம் நிறைந்திருக்கும்வரை எம்டார்சி1 என்னும் புரதக் கூட்டு, இந்த உண்ணலைத் தொடங்கிவைக்கும் யுஎல்கே1 என்னும் நொதியின்மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை அடக்கி வைக்கிறது. பட்டினியில் அந்தப் பிடி தளர்கிறது.

நீங்கள் கேட்டதற்கு விடை தூண்டில் முறையில் இருக்கிறது. வளரும் சவ்வின்மேல் எல்சி3 என்ற சிறு புரதம், தன் கடைசி கிளைசின் வழியாக ஒரு கொழுப்பு மூலக்கூறோடு பிணைந்து நிற்கிறது. அதன் மடிப்பு, பழுதான பொருளில் அடையாளமாக ஒட்டப்படும் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைப் போன்றதே. கூடுதலாக முன்பக்கம் இரண்டு சுருள்களும், மேற்பரப்பில் நீர் ஒட்டாத இரண்டு குழிகளும் உண்டு. பி62 போன்ற இணைப்புப் புரதங்களில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. அதன் முதல் இடத்து டிரிப்டோபேன் ஒரு குழியிலும், நான்காம் இடத்து லியூசின் மறு குழியிலும் பொருந்துகின்றன. பி62-இன் வேறொரு பகுதி, பழுதான பொருளில் ஒட்டப்பட்ட யூபிக்விட்டினைப் பற்றிக்கொள்கிறது. அந்த அடையாளம் ஏறாத நல்ல உறுப்பை இந்தத் தூண்டில் தொடுவதில்லை.

இந்தப் பிடிப்பு எப்போதும் ஒரே வலிமையில் இருப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆப்டினியூரின் என்னும் இணைப்புப் புரதத்தில், குழியில் பொருந்தும் 178-ஆம் இடத்து அமினோ அமிலத்துக்குச் சற்று முன்னால், 177-இல் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சால்மொனெல்லா கிருமி செல்லுக்குள் நுழையும்போது டிபிகே1 என்ற நொதி அந்தச் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையை, எல்சி3-இன் குழிகளைச் சுற்றியுள்ள நேர்மின்சுமை ஈர்க்கிறது. பிடிப்பு பல மடங்கு இறுகி, கிருமி சவ்வுக்குள் அடைபடுகிறது. இதே ஆப்டினியூரினின் மரபணுவில் நேரும் சில மாற்றங்கள் கண்ணழுத்த நோயோடும், தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோயோடும் தொடர்புடையவை.