வாசலில் நின்ற கார்

அனைவருக்கும் வணக்கம்.

இன்று பிப்ரவரி 22. கஸ்தூரிபா மறைந்த நாள். 1944-இல் இதே நாளில், சிவராத்திரி மாலையில், புனே ஆகா கான் மாளிகையில் அவர் உயிர் பிரிந்தது. மாளிகை என்பது பெயருக்குத்தான். சுற்றிலும் முள்வேலி, வாசலில் காவல். 1942 ஆகஸ்டிலிருந்து காந்தியும் அவரும் அங்கே கைதிகள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேதி இன்னொருவரையும் நினைவூட்டும். தில்லையாடி வள்ளியம்மை. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறைக்குப் போன சின்னப் பெண். சிறையிலேயே காய்ச்சல் பிடித்து, வெளியே வந்த கொஞ்ச நாளில் 1914 பிப்ரவரி 22-இல் இறந்துபோனாள். 1913-இல் அதே போராட்டத்தில் கஸ்தூரிபாவும் மூன்று மாதம் கடுங்காவலில் இருந்தவர்தான். சரியாக முப்பது வருடம் கழித்து அவரும் அதே தேதியில் போய்ச் சேர்ந்தார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

பா என்று எல்லோரும் அழைத்த கஸ்தூரிபாவுக்கு அப்போது 74 வயது. இதயம் பலவீனம். படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்க வேண்டும். தலை சாய்த்துக்கொள்ள ஒரு சின்ன மர மேசை செய்யச் சொல்லிப் படுக்கையின் மேல் வைத்தார் காந்தி. டாக்டர் சுசீலா நய்யாரும் கைதியாக உடன் இருந்ததால் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் பா ஆசைப்பட்டது ஒரு ஆயுர்வேத வைத்தியருக்கு. கேட்டதும் கிடைக்குமா? அரசாங்கத்துக்கு எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், மறுபடி எழுத வேண்டும். கடைசியில் சிவ சர்மா என்ற வைத்தியர் வந்தார். பகலில் பார்க்கலாம், ராத்திரி உள்ளே தங்கக் கூடாது என்றார்கள். நோய் முற்றுவதோ ராத்திரியில்தான். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிறை வாசலில் காரை நிறுத்தி அதற்குள்ளேயே தூங்கினார். உள்ளே மூச்சுத் திணறல் வந்தால் காவலாளியை எழுப்பி, அதிகாரியை எழுப்பி, அப்புறம் அவரை அழைத்து வர வேண்டும். காந்தி இதைக் கண்டித்து எழுதிய பிறகே தங்க அனுமதி கிடைத்தது.

உலகமே அறிந்தவரின் மனைவிக்கே இந்தக் கதி. பெயர் தெரியாத ஒரு கைதியின் அம்மாவோ மகனோ வெளியே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும்? உங்களில் சிலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசி நேரத்தில் மகன் தேவதாஸ் பென்சிலின் வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்று கேட்டதும், இந்த நிலையில் அவளை வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்துவிட்டார். அது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். நான் தேவதாஸ் பக்கம்தான். அம்மாவுக்கு ஒரு மருந்து கைக்கு வந்துவிட்ட பிறகு எந்தப் பிள்ளையால் சும்மா இருக்க முடியும்? ஆனால் பாவின் உயிர் பிரிந்தது காந்தியின் மடியில் என்பதையும் நான் மறக்கவில்லை.

மறுநாள் அந்த மாளிகைத் தோட்டத்திலேயே தகனம். காந்தி நூற்ற நூலில் நெய்த சேலையை உடுத்தியிருந்தார்கள். சந்தனக் கட்டைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது சிறை அதிகாரி சொன்னார், கையிருப்பில் இருக்கிறது என்று. எப்படி? முந்தைய ஆண்டு காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்று நினைத்து வாங்கி வைத்தது! கணவனுக்கென்று அடுக்கி வைத்த கட்டையில் மனைவி எரிந்தார்.

சிதை எரிந்து முடியும் வரை காந்தி அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. போய்ப் படுங்கள் என்றவர்களிடம், 62 வருடம் கூட வாழ்ந்துவிட்டு இப்போது எப்படி விட்டுப் போவேன், அவள் மன்னிக்கவே மாட்டாள் என்றார்.

அஸ்தி எடுக்கும்போது சாம்பலுக்குள் பாவின் கண்ணாடி வளையல்கள் ஐந்தும் உடையாமல் கிடந்தன. தோட்டத்தில் அவருக்கு முன்பே ஒரு சமாதி இருந்தது. கைதாகி ஆறாம் நாளே இறந்துபோன, காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயின் சமாதி. அதன் பக்கத்திலேயே பாவின் சமாதியும் எழுந்தது. இன்றும் இரண்டும் அங்கே இருக்கின்றன.

அந்தச் சின்ன மர மேசையைக் காந்தி விடவில்லை. பா தலை சாய்த்திருந்த அதே மேசையில் தட்டை வைத்துத்தான் அதற்குப் பிறகு சாப்பிட்டார்.