எந்தப் பொம்பளைட்ட போன?

நேயர்களுக்கு வணக்கம். சமையக்கட்டுல ரேடியோ ஓடிட்டு இருக்கும், பக்கத்துல பிள்ளைய நிக்கும், ஆனாலும் அணைச்சிராதீங்க, வீட்டுல இருக்க ஆம்பளப் பிள்ளையளுக்காகத்தான் பேசுதேன்.

பதினஞ்சு வருசமா எச்.ஐ.வி. தடுப்பு வேலையில இருக்கேன். நானும் ஆம்பளைய விரும்புற ஆம்பளதான், அதை மறைச்சு வச்சுட்டு இதைப் பேசுனா சரியா வராது.

இருபது வருசத்துக்கு முன்னால ஊர் பூரா ஒரே கேள்வி, "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" ஞாபகம் இருக்கா? நல்ல விளம்பரம்தான், வாயில சொல்லக் கூசுன வார்த்தைய டீக்கடையில பேச வச்சுது. ஆனா அந்தக் காலத்துல எங்க காதுல விழுந்த எய்ட்ஸ் பேச்செல்லாம் பொம்பளைட்ட போற ஆம்பளையப் பத்திதான். அதைக் கேட்டு எங்காளுக என்ன நினைச்சாவ? நமக்குத்தான் பொம்பள சகவாசமே இல்லையே, ஆம்பளைக்கு ஆம்பள என்ன வந்துரப் போவுதுன்னு நினைச்சுட்டாவ. இப்பவும் அப்படிச் சொல்லுத பயலுவளப் பாக்கேன். நெசத்துல ஆசனவாய் வழி உறவுலதான் கிருமி ரொம்ப சுலபமாத் தொத்தும், உள்தோல் அவ்வளவு மெல்லிசு.

எங்காளுகள்ல ஒரு அண்ணாச்சி கதையச் சொல்லுதேன், பேரும் ஊரும் வேண்டாம். கடை வச்சிருக்காவ. உள்ளூர்ல டெஸ்ட் எடுத்தா யாராவது பாத்துருவாங்கன்னு ரெண்டு பஸ் மாறி வேற ஊருக்குப் போயிருக்காவ, அங்க உக்காந்திருந்த ஆளு தலையக்கூட நிமித்தாம, இன்னும் ரெண்டு பேரு நிக்கும்போதே "எந்தப் பொம்பளைட்ட போன?"ன்னு கேட்டுட்டாரு. அண்ணாச்சி என்ன செய்வாவ? "மெட்ராஸ்ல ஒருத்தி"ன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு வந்துட்டாவ. ரத்தத்துல ஒண்ணும் இல்ல. காண்டம் கொடுத்து அனுப்பிட்டாங்க.

இங்கதான் கவனிங்க. அவுக உண்மையச் சொல்லியிருந்தா கேட்டவரும் ஒரு விசயத்தச் சொல்லியிருப்பாரு, காண்டத்தோட தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, ரப்பரு இத்துப் போயி கிழிஞ்சிரும், தண்ணியில செஞ்ச ஜெல்லுதான் போடணும்னு. சொல்லல. கேட்ட கேள்வி தப்பு, வந்த பதிலும் பொய்யி. அண்ணாச்சி மூணு வருசம் காண்டமும் போட்டாவ, எண்ணெயும் தடவுனாவ, நாம பத்திரமா இருக்கோம்னு நம்பிக்கிட்டு.

இதுக்கு நடுவுல வீட்டுல கல்யாணம் பண்ணி வச்சாச்சு, எல்லாம் சரியாயிரும்னு. மதினி உண்டானாவ. மாசமா இருக்கவளுக்கு ரத்தம் எடுப்பாங்கல்லா, அதுல தெரிஞ்சு, பெறவுதான் புருசனக் கூப்பிட்டு எடுத்தாங்க. ரெண்டு பேருக்கும் இருக்கு. உடனே மாத்திரை ஆரம்பிச்சதுனால பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, இப்ப ஸ்கூலுக்குப் போவுது. மதினி ஒருநாள் எங்கிட்ட கேட்டாவ, "முன்னாலயே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா போட்டிருப்பேன்?"னு. எனக்குப் பதில் வரல.

அண்ணாச்சி மாத்திரை டப்பாவுக்குள்ள பஞ்சு திணிச்சு வச்சிருப்பாவ. பஸ்ஸுல கலகலன்னு சத்தம் கேட்டா பக்கத்து சீட்டுக்காரன் என்னன்னு கேப்பான்லா, அதுக்கு. முப்பது மாத்திரை, நாளைக்கு ஒண்ணு, அதுக்கு இவ்வளவு பயம்.

2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட், எங்க உறவக் குத்தம்னு வச்சிருந்த 377ஆம் சட்டப் பிரிவு சம்மதிச்ச பெரியவங்களுக்குச் செல்லாதுன்னு சொல்லிட்டு, எங்க உறவு குத்தம் இல்லன்னு ஆயிட்டு. அதே மாசம் எச்.ஐ.வி. சட்டமும் நடைமுறைக்கு வந்துட்டு, உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லக் கூடாது. ஆனா அந்தக் கேள்வி மாறலயே. டெஸ்ட் எடுக்க இடத்துல இருக்கவங்களக் கையெடுத்துக் கேக்கேன், "யாரோட உறவு, ஆணா பெண்ணா?"ன்னு மெதுவா, தனியா, மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. அது போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுதாங்க, இன்னும் நெறய இருக்கு, வேகமாச் சொல்லிருதேன். மாத்திரைய விடாம சாப்பிட்டு ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சிட்டா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குத் தொத்தாது. தொத்து இல்லாதவங்க வராம தடுக்க முன்கூட்டியே சாப்பிடுத மாத்திரையும் இருக்கு, பிரெப்னு பேரு, டாக்டர்ட்ட கேளுங்க. காண்டம் கிழிஞ்சு பயமா இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க, 28 நாள் மருந்து இருக்கு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பத்தி எதுவும் கேக்கணும்னா போன் நம்பர் 1097, காசு கிடையாது, பேரும் சொல்ல வேண்டாம். 1097.