வண்டிச் சக்கரமும் நீராவிப் படகும்

(காட்சி: மாட்டு வண்டிச் சக்கரம், மிக அருகில்)

வணக்கம். சோழவந்தான் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்தில் நிற்கிறேன். இந்தச் சக்கரத்தை உற்றுப் பாருங்கள். மர வட்டைக்கும் இரும்புப் பட்டாவுக்கும் நடுவில் நகம் நுழைகிறது. பங்குனி வெயிலில் மரம் சுருங்கிவிட்டது. இப்படியே ஓட்டினால் பட்டா கழன்றுவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வண்டி கட்டும்போதெல்லாம், முந்தின நாளே என் தாத்தா சக்கரத்தைக் கழற்றிக் கம்மாய்த் தண்ணீரில் போட்டுவிடுவார். விடியும்போது பட்டா சிக்கென்று பிடித்திருக்கும்.

150 வயது தாண்டிய ஒரு மரப்படகுக்கும் இதே கணக்குதான்.

(காட்சி: ஆற்றில் புகை விட்டபடி வரும் படகு)

ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றங்கரையில் எச்சுகா என்று ஓர் ஊர். 1866-ல் அங்கே கட்டிய நீராவிப் படகு இந்த 'அடிலெய்டு'. இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். மரத்தடி ஏற்றிய தோணிகளை அறுவை ஆலைக்கு இழுத்து வருவதுதான் நெடுநாள் இதன் வேலை. அடிப்பகுதி முழுக்க 'ரெட் கம்' மரம். நம் ஊரில் தைலமரம் என்று நடுகிறோமே, அந்த இனம்தான்.

வேலை ஓய்ந்த பிறகு, 1960-களில் படகைக் கரையேற்றிப் பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். மரியாதையாகத்தான் வைத்தார்கள். ஆனால் மரப்படகுக்குக் கரைதான் ஆபத்து.

ஏன்? முழுக்க நீரில் கிடக்கும் மரத்துக்குக் காற்று சரியாகக் கிடைப்பதில்லை. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. கிணற்றடியில் போட்ட நெல்லிக்கட்டை வருஷக்கணக்கில் கெடாமல் கிடப்பது இதனால்தான். கரையில் கதையே வேறு. வெயிலில் பலகை சுருங்கும், பொருத்து வாய் பிளக்கும், அந்தப் பிளவில் மழைநீர் தேங்கும். ஈரம், காற்று இரண்டும் சேர்ந்தால் மரம் உள்ளுக்குள் இற்றுப்போகும். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும்! அதனால் கைதேர்ந்த தச்சர் கண்ணை நம்பமாட்டார்; சுத்தியலால் தட்டிக் கேட்பார். நல்ல மரம் கணீரென்னும், இற்ற மரம் பொத்தென்னும்.

இற்ற பலகையை மாற்றியதும், பலகை இடுக்குகளில் சணல் நாரை உளி வைத்து அடித்து இறுக்கி, மேலே தார் பூசுவார்கள். அப்புறம் தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே சில நாள் காத்திருந்தால், மரம் ஊறி, பலகைகள் ஒன்றையொன்று நெருக்கித் தானே அடைத்துக்கொள்ளும்.

கொதிகலன் தனிக்கதை. நெருப்பு மூட்டும் முன் அதை நிறையத் தண்ணீரால் நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். தண்ணீர் அழுத்தத்தில் விரிசல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். நீராவி என்றால் வெடித்துவிடும்.

அடிலெய்டை 1984-ல் மறுபடி ஆற்றில் இறக்கினார்கள். இன்றும் ஓடுகிறது. பலகை மாற்றினால் பழைய படகு எப்படி ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அச்சு மாற்றிய தேரை யாராவது வேறு தேர் என்கிறோமா?

(காட்சி: கம்மாய் ஓரம். சக்கரம் மெல்லத் தண்ணீரில் இறங்குகிறது)

ஆரக்கால் சொருகிய இடத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வருகிறது. மரம் குடிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் வந்து பட்டாவைத் தட்டிப் பார்ப்போம்.