மோட்டார் ரூம்ல கெடச்ச டைகோஃபால் பாட்டில்

வணக்கம் மக்களே. இந்தக் கத்திரி இலையப் பாருங்க, கிட்ட காட்டுறேன். மேல ஊசியால குத்துன மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. திருப்புனா... மெல்லிசா நூல் கட்டிருக்கு பாருங்க. உள்ள செவப்பா ஊருதுல்ல? அதான் செஞ்சிலந்தி. எட்டுக்கால் இதுக்கு, பூச்சி இனமே கெடையாது. பூச்சி மருந்து பலதும் இத விட்டுட்டு, இதத் தின்னுற நல்ல பூச்சியத்தான் கொல்லும்.

இதுக்கு மருந்து தேடி மோட்டார் ரூமுக்குப் போனா, உரச் சாக்குக்குப் பின்னாடி இது கெடந்துச்சு. டைகோஃபால் 18.5 ஈசி, அதாவது தண்ணியில கலக்கி அடிக்கிற சிலந்தி மருந்து. இன்னும் பாதி பாட்டில் இருக்கு. அப்பா வாங்குனது. வெறுங்கையால கலக்கி அடிச்சுட்டு வந்து, தலை சுத்துது, குமட்டுதுன்னு திண்ணையில படுத்துருவாரு. வெயில் தாக்கம்னு அம்மா மோர் கரைச்சுக் குடுப்பாங்க. அது மருந்தோட விஷமா இருக்கும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. இப்ப நெனச்சா நெஞ்சு பதறுது.

இத எதுலருந்து செஞ்சாங்க தெரியுமா? கொசுவுக்கு அடிப்பாங்களே, அந்த டிடிடிலருந்து! ரெண்டுக்கும் ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணுதான் வித்தியாசம். தயாரிக்கும்போது மாறாம மிச்சப்படுற டிடிடியும் கொஞ்சம் பாட்டிலுக்குள்ள வந்துரும். இந்த மருந்து தண்ணியில சரியா கரையாது, உடம்புக் கொழுப்புல போய்த் தங்கும். மீனு, மீனத் தின்னுற பறவைன்னு ஒவ்வொண்ணுலயும் அளவு ஏறிக்கிட்டே போகும், பறவையோட முட்டை ஓடு மெலிஞ்சுரும்.

அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல அபாப்கா ஏரி. 1980ல பக்கத்து ஆலையிலருந்து டைகோஃபாலும் டிடிடியும் கசிஞ்சுது. வயல்ல அடிச்ச மருந்தும் அந்த ஏரியில கலந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அடுத்த சில வருஷத்துல அங்க முதலைக் குட்டிங்க மளமளன்னு கொறஞ்சு போச்சு. ஆண் முதலைங்களோட இனப்பெருக்க உறுப்பே சரியா வளரல.

லேசுல அழியாத விஷ ரசாயனங்கள ஒழிக்க நாடுங்க சேந்து போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில, 2019ல டைகோஃபாலையும் ஒழிக்கணும்னு பட்டியல்ல சேத்தாங்க. நம்ம நாட்டுல 2023ல தடை வந்துருச்சு. ஆனா இந்த மாதிரி பழைய பாட்டில் எத்தன வீட்டுப் பரண்ல இருக்கோ! இருந்தா தயவுசெஞ்சு அடிக்காதீங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க, கொளுத்தவும் வேணாம். நான் மூடிய இறுக்கி, கவர்ல கட்டி, பிள்ளைங்க கை படாத எடத்துல பூட்டி வச்சுட்டேன். நாளைக்கு வேளாண் ஆபீஸ்ல கேட்டு ஒப்படைக்கணும்.

செடிக்கு? அடியிலையில தண்ணிய வேகமா பீச்சி அடிச்சேன், பாதி போயிருச்சு. மிச்சத்துக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணியில கலக்கி அடிக்கிற கந்தகத் தூள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும். வேப்பெண்ணெய் அடிச்ச கையோட கந்தகம் அடிச்சுராதீங்க, இலை கருகும். நாலு நாள் கழிச்சு இதே செடியக் காட்டுறேன்.