பெயர் தெரியாததைத் தேடுவது

(நூலகர் நாளையொட்டி ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இணையத்தில் தேடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெயர் தெரிந்த ஒன்றைத் தேட இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியில் பெயரை அடித்தால் வந்து நிற்கும். பெயரே தெரியாவிட்டால், அல்லது தப்பாகத் தெரிந்திருந்தால் என்ன செய்வது? இன்றைக்கு அதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சரூ பிரையர்லி என்பவரைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1986ல் மத்தியப் பிரதேசத்தில் ஐந்து வயதுப் பையன். அண்ணனோடு ரயில் நிலையத்துக்குப் போனவன் தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தால் அண்ணனைக் காணோம். எதிரே நின்ற வண்டியில் ஏறினான். அது அவனைக் கல்கத்தாவில் கொண்டுபோய் இறக்கியது. எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் 'கினெஸ்ட்லே' என்றான். ரயில் ஏறிய இடம் 'பெராம்பூர்' மாதிரி ஏதோ ஒன்று என்றான். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு குடும்பம் அவனைத் தத்தெடுத்துக்கொண்டது.

வளர்ந்த பிறகு அவர் கூகுள் எர்த்தில், அதாவது பூமியை மேலிருந்து எடுத்த படங்களாகக் காட்டும் மென்பொருளில், தேடத் தொடங்கினார். பெயரை அடித்துப் பார்த்ததில் பலன் இல்லை. குழந்தை காதில் விழுந்த பெயர் எந்த வரைபடத்தில் இருக்கும்? ஆனால் அவரிடம் வேறு சில இருந்தன. ரயிலில் ஏறக்குறைய எவ்வளவு நேரம் இருந்தோம் என்ற நினைவு, நிலையத்துக்குப் பக்கத்தில் பார்த்த தண்ணீர்த் தொட்டி, தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலம். நேரத்தை ரயிலின் வேகத்தால் பெருக்கி, கல்கத்தாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டவாளத்தையும் திரையில் விரலால் பிடித்துக்கொண்டு போவதுபோல், இரவு இரவாகப் பார்த்தார். வருடக்கணக்கில். 2011ல் ஒரு நாள், போட்ட வட்டத்தையும் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தொட்டியும் பாலமும் கண்ணில் பட்டன. ஊர் புர்ஹான்பூர். அங்கிருந்து தண்டவாளத்தோடு போனால் கண்டுவா. அதுதான் பிறந்த ஊர்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்டுவாக்காரர்கள் நடத்திய ஒரு ஃபேஸ்புக் குழுவில் போய், ஊரின் இன்ன மூலையில் இருக்கும் பேட்டையின் பெயர் என்ன, ஜி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் என்று கேட்டார். பதில் வந்தது: கணேஷ் தலாய். இத்தனை வருடம் 'கினெஸ்ட்லே' என்று வாய்க்குள் வைத்திருந்தது இதைத்தான். 2012 பிப்ரவரியில் அம்மாவைப் போய்ப் பார்த்தார். அண்ணன் அதே இரவில் ரயிலில் அடிபட்டு இறந்துபோன செய்தியும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இன்னொருவர் ஜூலியன் பெய்லிஸ். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவோடு வேலை செய்தவர். மொசாம்பிக்கில் இதுவரை யாரும் ஆராயாத காடு எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உயரமான மலைகளில் பச்சை எங்கே அடர்ந்திருக்கிறது என்று 2005ல் கூகுள் எர்த்தில் பார்த்தார். மாபு மலை கிடைத்தது. அக்கம்பக்கத்து மக்களுக்கு அது எப்போதுமே தெரிந்த காடுதான். விஞ்ஞானிகளுக்குத்தான் புதிது. அப்புறம் ஆய்வுக் குழு போனபோது, பதிவாகாத பாம்பு, பட்டாம்பூச்சி என்று பல கிடைத்தன.

இப்போது படம் இல்லாத, வெறும் எழுத்தில் நடந்த ஒரு தேடல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டான் ஸ்வான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். டாக்டர் அல்ல, இயற்பியல் படித்து நூலகவியலுக்கு வந்தவர். ரேனாட் நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் வெளுத்துவிடும். அந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று சில கட்டுரைகள் சொல்லியிருந்தன. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கும் என்று வேறு சில கட்டுரைகள். முதல் கூட்டத்தார் இரண்டாம் கூட்டத்தாரைப் படிக்கவில்லை, இவர்கள் அவர்களைப் படிக்கவில்லை. இரண்டும் அச்சாகி அலமாரியில் இருந்தன. ஸ்வான்சன் மருத்துவக் கட்டுரைகளின் கணினித் தரவுத்தளத்தில் தேடி இரண்டையும் சேர்த்து வைத்து, மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று 1986ல் எழுதினார். 1989ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அது பலன் தந்ததைக் காட்டியது. கூகுள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்த சங்கதி இது.

இன்று யாருடைய பிறந்தநாளையொட்டிக் கூடியிருக்கிறோம்? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்க அவர் வகுத்த கோலன் பகுப்புமுறை 1933ல் வெளிவந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு இடம் என்று ஒதுக்காமல், எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பிரித்துப் பார்த்தவர் அவர். இவை ஒவ்வொன்றும் புத்தகத்தின் ஒரு முகம். ஒரு முகம் தெரியாவிட்டால் இன்னொரு முகத்தைப் பிடித்துக்கொண்டு வரலாம். சரூ பிடித்தது இடம், பெய்லிஸ் பிடித்தது உயரம். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை.

என் சொந்தக் கதை ஒன்று. என் தாத்தா 1951ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர். 'ரஜூலா' கப்பல், பொங்கல் கழிந்து போனார் என்பது மட்டும் ஆத்தா சொன்னது. தேதி தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. கூகுளில் ரஜூலா என்று அடித்தால் குமாவுன் மலைநாட்டு நாட்டுப்பாடலின் கதாநாயகி வந்து நிற்கிறாள். அவளுடைய காதலன் மாலுஷாஹியின் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, அந்தப் பெயர் வரும் பக்கங்கள் வேண்டாம் என்று சொன்னதும் அவள் விலகினாள். சரி, சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறதே என்று அங்கே போனேன். நாகப்பட்டினம் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை. ஒரு மாதம் விட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, வெள்ளைக்காரன் அப்படி எழுத மாட்டானே! 'நெகபட்டாம்' என்று அடித்தேன். கப்பல் கம்பெனி விளம்பரங்கள் வரிசையாக விழுந்தன, எந்தத் தேதி புறப்பாடு, எந்தத் தேதி வருகை என்று. தை மாதக் கணக்கோடு பொருந்தியது ஒரே ஒரு பயணம்தான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆத்தாவிடம் கொடுத்தேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே தேடும்போது நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று யோசிக்காதீர்கள், அதை எழுதியவர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். பழைய ஆங்கில ஆவணத்தில் தூத்துக்குடி 'டுட்டிகோரின்', தரங்கம்பாடி 'டிரான்குபார்'. ரங்கநாதனின் சீர்காழியே 'ஷியாலி'தான். தமிழிலும் ராமநாதபுரம், இராமநாதபுரம் இரண்டும் அடித்துப் பாருங்கள். காவிரி கிடைக்காவிட்டால் காவேரி. பாட்டில் ஒரு வரிதான் ஞாபகம் என்றால், எல்லாப் பாட்டிலும் வரும் சொல்லை விட்டுவிட்டு, அந்த வரியில் அடுத்தடுத்து வரும் அபூர்வமான இரண்டு மூன்று சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்க்க வேண்டும். ரங்கநாதன் பகுப்பெண்ணில் வைத்த கோலன் என்பது இதே முக்காற்புள்ளிதான்.

முன்வரிசையில் இருக்கும் ஐயா, கூட்டம் தொடங்குமுன் என்னிடம் ஒரு பழைய பத்திரிகையைப் பற்றிக் கேட்டார். பெயர் மறந்துவிட்டதாம். அட்டையில் என்ன படம், எந்த ஊர் அச்சகம் என்பது ஞாபகம் இருக்கிறதாம். அது போதும் ஐயா. பின்னால் கணினி அறை திறந்திருக்கிறது, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.